வலது காதில் ஒரு வருஷம்

என் அப்பாவும் அம்மாவும் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சண்டை கிண்டை எதுவும் கிடையாது. சண்டை போடவும் பேச வேண்டுமே. அப்பா காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாரணாபுரத்து வெடிக் கம்பெனிக்குப் போவார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்றுவிட்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். நடுவில் நான். என் பெயர் பாண்டிச்செல்வி. அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. அதனால் பேச்சுக்கும் நான் ஒருத்திதான்.

"சோறு வச்சிருக்குன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அசைய மாட்டார். நான் வந்து, "அப்பா, சோறு வச்சிருக்காம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். "கொளம்புல உப்பு இல்லன்னு ஒங்காத்தாகிட்டச் சொல்லு" என்பார். அம்மா பக்கத்திலேயே உப்புச் சாடியை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் சொன்னால்தான் சாடியில் கை போகும்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆவணியில், காரியாபட்டியில் என் தாய்மாமன் சீனிவாசகத்தின் மகளுக்குச் சடங்கு. அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலை போட்டு, உப்பு வைத்து, இனிப்பும் வைத்தாகிவிட்டது. அப்போது மாமா வந்து அவர் தோளைத் தொட்டு, "மாப்பிள்ள, நீங்க நம்ம வீட்டு ஆளு. அடுத்த பந்தில ஒக்காந்துக்கிடுங்க. மதுரைக்காரக வந்திருக்காக" என்றார். அப்பா எழுந்தார், செருப்பைத் தேடி மாட்டினார், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அம்மா எதிர்வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெண்டாட்டியும் எழுந்து பின்னாலேயே வருவாள் என்று அப்பா பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாராம். அவள் வரவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்து நடந்தது இரண்டே வார்த்தை.

"வயிறு நெறஞ்சுச்சா?" என்று கேட்டார் அப்பா.

"நெறஞ்சுச்சு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அன்றைக்கு மூடின வாய். 'அவளா வந்து பேசட்டும்' என்று இவர். 'அவுகளா வந்து கேக்கட்டும்' என்று அவள். இரண்டு பேருக்கும் பேச ஆசைதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா தலைவலி என்று படுத்தால் அப்பா மாத்திரையை வாங்கி வந்து என் கையில் திணிப்பார். அப்பாவுக்கு வேலையில் நேரமானால் அம்மா பத்துத் தடவை வாசலுக்கு வருவாள். ஆனால் 'நான்' என்று ஒன்று இரண்டு பேருக்குள்ளும் முறைத்துக்கொண்டு நின்றது. முதல் வார்த்தையைச் சொன்னால் அது செத்துப்போகும் என்று பயந்தார்கள்.

அவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்பா கோபமாக ஒன்று சொன்னால் அதில் முள்ளை எடுத்துவிட்டு அம்மாவிடம் சேர்ப்பேன். அம்மா குத்தலாகச் சொன்னதைப் பாதி முழுங்கிவிடுவேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிற வேலைக்குப் போனேன். அங்கே கூட நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு குடம் தண்ணீர் இடம் மாறாது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். "நான் போயிட்டா இவுக ரெண்டு பேரும் எப்படி இருப்பாக?" என்று கேட்டேன். தெருவில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். "இப்படி ஒரு பிள்ள யாருக்குக் கெடைக்கும்" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அவர்கள் சேரட்டும், அப்புறம் என் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அவர்கள் சேர்வதில் எனக்கு என்ன அவசரம் இருந்தது என்று இப்போது கேட்டால் தலையைக் குனிய வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் குளிக்க வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பா வழியில் குத்தவைத்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, தள்ளுங்க, சுடுதண்ணி" என்றேன். அவர் அசையவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை கத்தினேன். அதற்குள் அவர் மேல் முட்டிக்கொண்டேன். வெந்நீர் அவர் முதுகில் கொட்டிவிட்டது. துள்ளி எழுந்து திரும்பினார்.

"ஒரு சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா தாயி?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் கண்டுகொண்டேன் என்பதை அவரும் கண்டுகொண்டார்.

கம்பெனியில் அப்பாவுக்கு, தயாரான வெடியில் லோடுக்கு இவ்வளவு என்று எடுத்து, பின்பக்கத்துப் பொட்டலில் வெடித்துப் பார்க்கிற வேலை. அணுகுண்டு வெடிக்கிற சத்தத்தை வைத்தே வெடிமருந்து கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொட்டலில் நின்றவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், "பஞ்ச வச்சுக்கிட்டு எப்படி சத்தத்தப் பாக்கிறது?" என்று சிரிப்பார். இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். "இங்கன வந்து அடிக்கும்லா. அத வச்சுச் சொல்லிருவேன்" என்றார்.

விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னோடு படித்த வினோலியா நர்ஸாக இருந்தாள். அவளிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு காதிலும் எதையோ மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார்கள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எப்போதாவது ஒரு முறை கை மேலே போனது. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, மருந்து இல்லை, கருவி மாட்டினாலும் பெரிதாகப் பிரயோசனம் இருக்காது என்றார். வினோலியா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எடது காது போயிருச்சு செல்வி. வலது காதுல இன்னும் கொஞ்சம் இருக்கு. காதுகிட்ட வந்து பேசினா கேக்கும். அதுவும் ஒரு வருஷந்தான், மிஞ்சிப்போனா கொஞ்சம் கூட. அவர்கிட்டப் பேச வேண்டியவங்க யாராவது இருந்தா, இப்பவே பேசிரச் சொல்லு."

அவளுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பஸ்ஸில் அப்பாவின் வலது பக்கமாக உட்கார்ந்து, காதில் வாயை வைத்து, "அம்மாகிட்டச் சொல்லிருவோம்பா" என்றேன்.

"வேணாம்" என்றார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அவருக்கே அது தெரியவில்லை. பிறகு, "கம்பெனில தெரிஞ்சா நிப்பாட்டிருவாக. காது கேக்காதவன் வெடிக் கம்பெனில எதுக்கு? ஓடுன்னு சொன்னா ஓடணும்லா" என்றார்.

"அம்மா போயி கம்பெனிலயா சொல்லப்போறாக?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவளுக்குத் தெரிஞ்சா, செவிடாயிட்டானேன்னு பாவம் பாத்துப் பேச வருவா. பாவம் பாத்து வர்ற பேச்சு எனக்கு வேணாம் தாயி. தானா வரட்டும். எல்லாம் தீவாளி முடியட்டும், பாப்போம்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் தீபாவளி முடியட்டும் என்பதுதான் பதில். பல் பிடுங்குவது, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, பெண் பார்ப்பது, பேச்சை முறித்த அண்ணனிடம் மறுபடி பேசுவது, எல்லாம் சீசன் முடிந்த பிறகுதான். தீபாவளி முடிந்ததும் ஒரு மாசம் கம்பெனி மூடிக் கிடக்கும். அப்போது எல்லாரும் அசந்து தூங்குவார்கள். தூங்கி எழுந்தால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் வந்துவிடும். ஊரைச் சொல்லி நான் தப்பிக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கும் வசதியாக இருந்தது.

அந்த வருஷம் தீபாவளியும் முடிந்தது. கார்த்திகை பிறந்து ஒரு வாரம். கம்பெனி இன்னும் திறக்கவில்லை. மத்தியானம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா வாசல் நிலையருகே வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வீட்டுக்குள், அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி நிலையில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுளகுச் சத்தம் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "செல்விகிட்டச் சொல்லல. ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன்" என்றாள்.

அவள் நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அண்ணன் வீட்டுல நான் சாப்பிடல. நீங்க எந்திரிச்சுப் போனதும் எனக்குத் தொண்டைல எறங்கல. எலைய மூடி வச்சுட்டு பந்தி முடியுற வரைக்கும் சும்மா ஒக்காந்திருந்தேன். கூடவே எந்திரிச்சு வந்திருக்கணும். வரல. அண்ணன் மூஞ்சியப் பாத்து வெக்கப்பட்டுட்டு ஒக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்தா வயிறு நெறஞ்சுச்சான்னு கேட்டீக. வீம்புக்கு நெறஞ்சுச்சுன்னுட்டேன். தப்புதாங்க. போதும். எம்புட்டு நாளைக்குத்தான் இப்படி இருக்கிறது? திரும்பி ஒரு வார்த்த சொல்லுங்க."

பத்து வருஷத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? தலைச்சுமையை இறக்கி வைத்தவளின் முகம். நாற்பத்தைந்து வயதுக்காரி சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். கையில் சுளகைப் பிடித்துக்கொண்டு, அந்த முதுகு திரும்புவதற்காகக் காத்திருந்தாள்.

அப்பா வாயில் நூலை வைத்து அறுத்தார். செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, அவருக்குக் கேக்கல. வலது காதுகிட்டப் போயிச் சொல்லு" என்று ஆறு சொல்லோ ஏழு சொல்லோ. ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். ஒரு வருஷத்தில் இன்னும் நாலைந்து மாசம் மீதி இருந்தது. நான் நின்ற இடத்தில் நின்றேன். சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மா 'செல்விகிட்டச் சொல்லல' என்று ஆரம்பித்தபோதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அப்பா திரும்பாமல் போனபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். வந்தது வந்ததுதான்.

"பாத்தியா திமிர?" என்றாள் அம்மா. அழவில்லை. சுளகைத் தூக்கி மூலையில் எறிந்தாள். அரிசி வீடெல்லாம் சிதறியது. "இனி என் வாயில இருந்து ஒரு சொல்லு போகாது. செத்தாலும் போகாது."

நான் குனிந்து அரிசியைக் கூட்டி அள்ளினேன். பொங்கல் முடியட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தையில் வினோலியா பிரஸ்ஸுக்கு போன் போட்டாள். "வீட்டுல சொல்லிட்டியா?" என்றாள். சொல்லிட்டேன் என்றேன். "ரெண்டு பேரும் பேசிட்டாங்களா?" என்றாள். பேசிட்டாங்க என்றேன். "நல்லதுப்பா, எனக்கு அது மனசுலயே கெடந்துச்சு" என்று சந்தோஷப்பட்டாள். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் கோர்த்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அதில் ஒரு பிழைகூட விழவில்லை.

அப்பா வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். முதலில் என் வாய். தினமும் சாயங்காலம் நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன், அவர் சொல்லிக்கொண்டே வருவார். இரண்டு பேரும் சிரிப்போம். பிறகு டீக்கடைக்காரர் வாய், கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் வாய். "போர்மேன் மாரிக்கண்ணன் மீசையக் கொஞ்சம் கத்தரிச்சுக்கிட்டா நல்லாருக்கும். பாதிப் பேச்சு மீசைக்குள்ள போயிருது" என்பார். அம்மாவின் வாயை அவர் பார்த்ததே இல்லை. அவளும் அவருக்கு முகத்தைக் காட்டினதில்லை. அம்மா சொல்வது என் வாய் வழியாகத்தானே அவருக்குப் போகும். அதனால் வீட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காது இருந்தபோதும் இதே கதைதான்.

ஆடியில் ஒரு நாள் அவருடைய வலது காதில் வாயை வைத்து, "அப்பா" என்றேன். அவர் திரும்பி என் உதட்டைப் பார்த்து, "என்ன தாயி?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அன்றைக்கு மத்தியானச் சோற்றை நாய்க்குக் கொட்டினேன்.

புரட்டாசி. சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கம்பெனியில் மாரிக்கண்ணன் பின்னாலிருந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். மருந்து காய்கிற பக்கம் போக வேண்டாம் என்று சொல்வதற்காக. அப்பா நேரே அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தி, பிறகு சந்தேகப்பட்டு, மூன்று நாலு முறை பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே, "அண்ணே, வீட்டுக்குப் போங்க. ஒங்க உசுருக்கும் மத்தவுக உசுருக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வந்து உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், எழவில்லை. "ஒடம்புக்கு என்னவாம்னு கேளு" என்று அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டாள். காய்ச்சல் என்றேன். அப்போதும் பொய்தான் வாயில் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரிக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பா விட்டுவிட்டு வந்த தூக்குச்சட்டியும் துண்டும் கையில் இருந்தன. வாசலில் நின்றபடியே அம்மாவிடம் கொடுத்தார்.

"மனசத் தேத்திக்கோங்க மதினி. எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அண்ணனுக்குக் காது இம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு எங்களுக்கு நேத்துத்தான் தெரியும். நீங்க இம்புட்டு நாளும் எப்படித்தான் சமாளிச்சீகளோ."

அம்மா தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். "யாருக்குக் காது போச்சு?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். சூழ்நிலை புரிந்துவிட்டது போலும். "பிள்ள சொல்லும்" என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"செல்வி" என்றாள் அம்மா. "எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாவேம்மா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "போன கார்த்திகைல நான் பேசினேனே. அவுக செருப்புத் தச்சுக்கிட்டு இருந்தாகளே. அப்ப?"

நான் கீழே இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தேன்.

"கேக்கேன்லா. அப்பத் தெரியுமா?"

"தெரியும்மா. அப்ப வலது காதுல கொஞ்சம் கேக்கும். கிட்டப் போயிச் சொல்லியிருந்தா கேட்டிருக்கும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "ஒன்னய நம்பித்தானடி நாங்க ரெண்டு பேரும் வாயக் கட்டிக் கெடந்தோம்" என்றாள். அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை.

உள் அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அவரை அவ்வளவு நெருங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குனிந்து, அவருடைய வலது காதில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அன்னிக்கு நான் சாப்பிடலங்க! தப்பு என்னோடதுதாங்க! மன்னிச்சிருங்க!"

தெருவே கேட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் அக்கா கை ஈரத்தோடு ஓடிவந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். என் அம்மா அய்யம்மாள் எவ்வளவு வீம்புக்காரி என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். தன் வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு இருமுகிறவள். அவள் ஊர் கூடி நிற்க, மறுபடியும் மறுபடியும் கத்தினாள். எழுத்து தெரியாதவள். அவளிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். காதைத் தடவிக்கொண்டார். இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து மிரண்டுபோனார்.

"காத்து வருது" என்றார். "சத்தம் வரல அய்யம்மா."

அவள் பெயரைச் சொன்னார். அதைக் கேட்டதும் அம்மா அப்படியே உடைந்து அழுதாள். அழுதுகொண்டே முன்னால் வந்து, அவருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னாள். பந்தி, இலை, அண்ணன், வீம்பு, கார்த்திகை மாசத்துத் தூறல். அப்பா அவள் உதட்டையே பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தானும் உதட்டை அசைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு வார்த்தையாவது பிடிபடும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "கம்பெனில அம்புட்டுப் பேர் வாயும் எனக்குப் படிக்கத் தெரியும். பிள்ள வாயும் தெரியும். ஒன் வாயி தெரியல அய்யம்மா. பாத்துப் பளகலயே" என்றார். சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு அழுதார்.

பழக்க தோஷம். அவர் கண் அவளை விட்டு என்னிடம் வந்தது. "என்ன சொல்லுதா தாயி?" என்றார்.

நான் நிலையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், சத்தமே இல்லாமல் நான் நாலு முறை உதட்டை அசைத்தால் போதும், எல்லாம் அவருக்கு விளங்கிவிடும். வாயைத் திறந்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லாத" என்றாள். குரலில் கோபமில்லை. "நானே சொல்லிக்கிடுதேன். எம்புட்டு நேரமானாலும் சரி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கைச் சிந்தினாள். சம்மணம் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லை, மெதுவாக, வாயை அகலமாகத் திறந்து சொன்னாள். அப்பா முன்னால் குனிந்தார். பிறகு மறுபடி என் பக்கம் பார்த்தார்.

"தள்ளி நில்லு தாயி" என்றார். "நீ வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்க. அவ மொகம் தெரியல."

நான் நகர்ந்தேன். என் பின்னால் கூடியிருந்தவர்களையும் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "போங்க எல்லாரும்" என்று விரட்டினேன். பஞ்சம்மாள் அக்கா, "நீ உள்ள போயி எடுத்துச் சொல்லக்கூடாதா பிள்ள?" என்றாள். "எனக்கு அங்கன வேலை இல்லக்கா" என்றேன். பதினோரு வருஷத்தில் நான் சொன்ன பேச்சில் முள்ளும் எடுக்காமல், பாதியும் முழுங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

படியில் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. அப்பா, "இல்ல" என்றார். மறுபடி அவள் சொன்னாள். "இல்ல. புரியல. திரும்பச் சொல்லு." திரும்பவும் சொன்னாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து போய் விளக்கைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவே எழுந்து போட்டாள். மறுபடி வந்து அவர் எதிரே உட்கார்ந்து, முதல் சொல்லில் இருந்து ஆரம்பித்தாள்.